ஒரே ஒலியில் பல சொற்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலம் கற்கும் தமிழர் ஏதேனும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடும் கேள்வியிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறேன். ‘ரைட்’ என்று காதில் விழுகிறது. அது ‘சரி’ என்கிறதா, வலப்பக்கத்தைச் சுட்டுகிறதா, உரிமையைக் குறிக்கிறதா, எழுதச் சொல்கிறதா, சடங்கைப் பேசுகிறதா? ஓர் ஒலிக்குள் இத்தனை பொருளை வைத்திருக்கும் மொழியை எப்படி நம்பிப் பேசுவது என்று அவர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அதைப் போக்கும் வழியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை; நம் இலக்கணத்திலேயே அது இருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்னும் இயலில் பல பொருள் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுகையில், அதன் பொருள் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்’ என்கிறார். உரைகாரர்கள் ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டி இதை விளக்குவர். மா பூத்தது என்றால், பூத்தல் என்னும் வினையால் அது மரம் என்று தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால், உடன் நிற்கும் மருது அதன் இனத்தைக் காட்டிவிடுகிறது. கவசம் அணிந்து நிற்கும் வீரன் மா கொண்டுவா என்றால், அவன் நிற்கும் சூழலே குதிரை என்று உணர்த்துகிறது. வினை, இனம், சார்பு ஆகிய இம்மூன்றும் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. ‘பேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் அரிக்கப்பட்டது என்ற வினை வந்தால் அது கரை. காப்பீட்டு நிறுவனங்களோடு சேர்த்துச் சொல்லப்பட்டால் அது வங்கி. படகில் துடுப்புப் போடுபவர் அதை நோக்கிப் போகச் சொன்னால், அவர் பணம் எடுக்கப் போகவில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வங்கியைக் குறிக்கும் சொல், நாணயம் மாற்றுவோர் பயன்படுத்திய பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பதும் இங்கே நினைவில் கொள்ளத் தக்கது.

இனி எழுத்துக்கு வருவோம். ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்களே கற்போரை மிகுதியாக வருத்துகின்றன. இரவைக் குறிக்கும் ‘நைட்’ ஒன்று, போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ மற்றொன்று. பின்னதன் முதலில் கே என்னும் எழுத்து ஒலிக்காமல் நிற்கிறது. இதைப் பொருளற்ற சுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எழுத்து ஒரு காலத்தில் தெளிவாக ஒலிக்கப்பட்டது. எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’ என்பதன் முதலில் உள்ள டபிள்யூவும் அவ்வாறே. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கோ உறையவில்லை. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கில நெடில்கள் பெரிதும் இடம்பெயர்ந்தன. சந்தித்தலைக் குறிக்கும் ‘மீட்’ என்பதும் இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ என்பதும் முன்பு வெவ்வேறு உயிரொலிகளோடு ஒலித்தவை. முன்னது ஈகாரத்தை அடைந்த பின்னும், பின்னது நெடுநாள் ஏகாரத்தை ஒத்த ஒலியிலேயே நின்று, கடைசியில்தான் அதனோடு கலந்தது. சில சொற்கள் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்கவே இல்லை. உடைத்தலைக் குறிக்கும் சொல் ‘பிரீக்’ ஆகாமல் ‘பிரேக்’ என்றே தங்கியதால்தான், வண்டியை நிறுத்தும் ‘பிரேக்’ என்பதோடு இன்று ஒலியில் ஒன்றாக நிற்கிறது. ஆகவே எழுத்து வேறுபாடு என்பது பெரும்பாலும், இச்சொற்கள் பிறப்பில் ஒன்றல்ல என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சான்று.

‘பிளேரைட்’ என்னும் சொல்லில் நிகழும் பிழை இதற்கு நல்ல சான்று. நாடகம் எழுதுபவர் என்பதால், அதன் பிற்பகுதியை எழுதுதல் என்ற பொருளுடைய எழுத்துக்கூட்டலில் பலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே இருப்பது எழுதும் ‘ரைட்’ அன்று. கைவினைஞரைக் குறிக்கும் பழைய ‘ரைட்’. சக்கரம் செய்பவருக்கும் கப்பல் கட்டுபவருக்கும் வழங்கிய பெயரையே ஆங்கிலம் நாடகம் சமைப்பவருக்கும் தந்தது. எனக்கு இச்சொல் மிகவும் பிடிக்கும்.

இதற்கு மாறாக, பிறப்பில் ஒன்றாக இருந்து எழுத்தில் பிரிந்தவையும் உண்டு. பூவைக் குறிக்கும் ‘பிளவர்’ என்பதும் மாவைக் குறிக்கும் ‘பிளவர்’ என்பதும் ஒரே சொல்தான். அரைத்த தானியத்தின் மிகச் சிறந்த பகுதியைப் பூ என்று உருவகித்தார்கள். பின்னரே எழுத்தால் பிரித்தார்கள்.

எழுத்தும் உதவாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். ‘சவுண்ட்’ என்ற சொல் ஓசையைக் குறிக்கும்போது இலத்தீன வழியில் வந்தது. பழுதற்ற, நலமான என்று பொருள்படும்போது பழைய ஆங்கிலச் சொல்லின் வழித்தோன்றல். இரு நிலங்களுக்கிடையே ஓடும் குறுகிய கடற்பகுதியைக் குறிக்கும்போது வட ஐரோப்பியக் கடலோடிகளின் நோர்சு மொழியோடு உறவுடையது. நீரின் ஆழத்தை அளத்தல் என்று பொருள்படும்போது பிரெஞ்சிலிருந்து வந்தது. வெவ்வேறு இடங்களில் பிறந்த நான்கு சொற்கள், இன்று ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் உடையனவாக அகராதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே வினையும் இனமும் சார்பும் தவிர வேறு துணை இல்லை. ஆயினும் ‘சவுண்ட் ஸ்லீப்’ என்று கேட்கும் ஆங்கிலேயர் யாரும் அதை ஓசை மிகுந்த உறக்கம் என்று கொள்வதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாருக்கும் பொதுவானவை. தமிழ்ச் செவிக்கென்று தனியே ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கே நாம் கூடுதல் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மேலங்கியையும் ஆட்டையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை நாம் ‘கோட்’ என்று ஒரே வகையாகத்தான் எழுத முடிகிறது. முதுகும் பையும் ‘பேக்’ ஆகிவிடுகின்றன. ஆங்கிலேயருக்கு இவை ஒத்த ஒலிச் சொற்களே அல்ல, நாம் உண்டாக்கிக்கொண்டவை. நம் ககரம் ‘கல்’ என்பதில் ஒருவகையாகவும் ‘பங்கு’ என்பதில் வேறுவகையாகவும் ஒலித்தாலும், அவ்வேறுபாட்டால் தமிழில் பொருள் மாறுவதில்லை. அதனால் செவி அதைப் பொருட்படுத்தப் பழகவில்லை. வலி, வழி, வளி என்ற மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் அயலாரின் நிலையும் இதுவே.

திருத்திக்கொள்ளும் வழி எளிது. மேலங்கியைச் சொல்லும்போது முதல் எழுத்தோடு சிறிது மூச்சுக்காற்று வெளிவர வேண்டும். ஆட்டைச் சொல்லும்போது அது கூடாது. பையைக் குறிக்கும் சொல்லில் நடுவிலுள்ள உயிரைச் சற்று நீட்ட வேண்டும். முதுகைக் குறிக்கும் சொல்லில் அதை வெட்டி நிறுத்த வேண்டும். திராட்சைக் கொடி, திராட்சை மது இரண்டும் நம் வாயில் ‘வைன்’ ஆகின்றன; கொடிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மதுவுக்கு இரு இதழும் குவிய வேண்டும். அழுத்தமும் பொருளை மாற்றும். ‘டெசர்ட்’ என்பதன் முதலசையை அழுத்தினால் பாலைவனம். இரண்டாம் அசையை அழுத்தினால் கைவிட்டுச் செல்லுதல், அல்லது உணவின் முடிவில் உண்ணும் இனிப்பு.

இறுதியாக ஒரு சொல். மாணவரைக் குறிக்கும் ‘பியூப்பில்’ என்பதே கண்ணின் நடுவிலுள்ள கரும்புள்ளியையும் குறிக்கிறது. சிறுமி, பொம்மை என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லே இரண்டுக்கும் வேர். எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரிகிறது அல்லவா? அதைக் கண்டே அப்பெயர் இட்டார்கள். நாமும் அதையே கண்டு பாவை என்றோம். 1123ஆம் குறளில் தலைவன் ‘கருமணியிற் பாவாய்’ என்று அதை விளித்து, தான் விரும்பும் பெண்ணுக்குக் கண்ணில் இடம் போதவில்லை, நீ போய்விடு என்கிறான். பொம்மையையும் கண்ணின் மணியையும் பெண்ணையும் பாவை என்னும் ஒரு சொல்லே குறிப்பதால்தான், ஒரு பாவையை வெளியேற்றி மற்றொரு பாவையைக் குடியேற்றும் அந்தப் பேச்சு இரண்டு அடிக்குள் அடங்குகிறது.