உங்கள் தெரு கேமராவுக்குக் காசு போட்டது யார்? சென்னை போலீஸ் ஸ்டேஷனும் நாமும்

உங்கள் தெருமுனையில் ஒரு கேமரா இருக்கிறது இல்லையா? அதை வைத்தது யார்?

"போலீஸ்தான்" என்று சொன்னால் பாதி மார்க்கூடக் கிடையாது. சென்னைத் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏராளமான கேமராக்களுக்குக் காசு போட்டது மளிகைக் கடை அண்ணாச்சி, நகைக்கடை முதலாளி, குடியிருப்போர் நலச்சங்கம், மாசா மாசம் மெயின்டனன்ஸ் கேட்டு நம் கதவைத் தட்டும் அந்த அபார்ட்மெண்ட் செகரட்டரி. நீங்கள்கூட நூறு, இருநூறு கொடுத்திருப்பீர்கள், ஞாபகம் இருக்காது.

வணக்கம். ஏரியா போலீஸ் ஸ்டேஷனும் ஏரியா ஜனங்களும் எந்த இடத்தில் கை கோக்கிறார்கள், எந்த இடத்தில் அது கெட்டுப்போகிறது என்பதுதான் இன்றைய வீடியோ. நடுவில் இன்னொரு கேமரா வரும். அது தெருவில் இல்லை. அதற்காகவாவது ஓட்டிவிடாமல் பாருங்கள்.

[திரையில்: எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகம்]

வரலாற்றை ஒரே மூச்சில் முடிக்கிறேன். சென்னை மாநகரக் காவல் தொடங்கியது 1856. கமிஷனர் ஆபீஸ் 2013-இல் எழும்பூரிலிருந்து வேப்பேரிக்கு மாறியது. எழும்பூர்க் கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் ஆயிரம் விளக்கில் வந்தது. 2022-இல் தாம்பரமும் ஆவடியும் தனிக் கமிஷனரேட் ஆகிப் பிரிந்தன. முடிந்தது.

ஸ்டேஷன் போர்டில் இருக்கும் நம்பரையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்கும். டி-1 திருவல்லிக்கேணி, இ-1 மயிலாப்பூர், ஆர்-1 மாம்பலம், ஜே-2 அடையாறு. இதில் தமிழில் எழுதினால் வடக்கு கடற்கரையும் பி-1, புளியந்தோப்பும் பி-1! ஆட்டோக்காரரிடம் "பி-1 ஸ்டேஷன் போங்க" என்று மட்டும் சொல்லி ஏறாதீர்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

2017-இல் ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக வந்தார். 'மூன்றாவது கண்' என்று ஒரு திட்டம். 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. இவ்வளவு பெரிய ஊரில் அத்தனைக்கும் அரசுப் பணம் வரும் என்று காத்திருந்தால் நம் பேரன் காலத்தில் வரும். அதனால் போலீஸ் ஜனங்களிடமே வந்து கேட்டது. வணிகர் சங்கம், நலச்சங்கம் என்று போய், நீங்களே வையுங்கள், கடைக்குள் நாலு கேமரா வைத்தால் ஒன்றைத் தெருப் பக்கம் திருப்புங்கள் என்றது. ஜனங்களும் வைத்தார்கள். போலீஸ் கேட்டு, மக்கள் சொந்தக் காசைப் போட்டு, நகரம் முழுக்க ஒரு வேலை நடந்ததென்றால் இதுதான்.

இப்போது ஒரு செயின் பறிப்பு நடக்கிறது என்று வையுங்கள். கிரைம் டீம் எங்கே போகும்? பால் பூத்துக்கு. கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்தி ஸ்டாண்டுக்கும் சாமி படத்துக்கும் நடுவில், தூசி படிந்த ஒரு சின்ன மானிட்டர். கடைக்காரருக்குப் பாஸ்வேர்டு தெரியாது, கேமரா மாட்டின பையன்தான் வைத்தான், அவன் நம்பர் மாறிப்போச்சு. ஒருவழியாகத் திறந்தால், காட்சியைப் பதிந்து வைக்கும் பெட்டி, அதாவது டிவிஆர், அதன் கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் ஓடுகிறது! விவரமான காவலர் முதலில் தன் செல்போன் நேரத்தையும் அந்த மானிட்டர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார். இல்லாவிட்டால் அடுத்த கேமராவில் தேட வேண்டிய நேரமே தப்பாகிவிடும். அப்புறம் டெய்லர் கடை, அப்புறம் பெட்ரோல் பங்க், அப்புறம் ஏடிஎம். ஒரு கேமராவில் வண்டி நிறம் தெரியும், இன்னொன்றில் பாதி நம்பர், ஐந்தாறு கடை தாண்டி ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடிப்பான். பொறுமைக்கார வேலை. சினிமாவில் 'ஜூம், ஜூம்' என்றதும் முகம் தெரிவதெல்லாம் சினிமாவில் மட்டும்தான்.

இதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு. கடை டிவிஆரில் பதிவு நிரந்தரமாக இருக்காது. டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். வண்டி திருட்டுப் போனால் "ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே போய், எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று புகாரிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, கடைக்காரர்கள் கவனிக்க. அந்தப் பதிவு கோர்ட்டில் சாட்சியமாக நிற்க வேண்டுமென்றால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்பார்கள். இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-ஆம் பிரிவு. கருவி யார் பொறுப்பில் இருந்தது, சரியாக ஓடியதா என்பதற்கெல்லாம் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அது யார்? நம் பால் பூத் அண்ணன்தான்! பால் விற்க வந்தவர் சாட்சிக் கூண்டு வரைக்கும் போக நேரலாம். கேமரா வைக்கச் சொல்லும் கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. கேமரா வைத்தவருக்குச் சால்வை போடுவதோடு நிறுத்தக் கூடாது.

கேமராவுக்கு முன்னால் என்ன இருந்தது? பட்டா நோட்டு. நகைக்கடை ஷட்டர், கோயில் கதவு, ஏடிஎம் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு தொங்கும். ராத்திரி ரோந்து வரும் காவலர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இன்று பல இடங்களில் அதற்குப் பதில் க்யூஆர் கோடு ஒட்டி ஸ்கேன் பண்ணுகிறார்கள். நோட்டில் என்ன அழகு தெரியுமா? அது போலீஸுக்கு மட்டும் கணக்கு இல்லை. காலையில் கடை திறப்பவரும் புரட்டிப் பார்க்கலாம், "ஏட்டய்யா நேத்து வரலையே" என்று கேட்கலாம். க்யூஆர் கோடு அதிகாரிக்குக் கணக்குச் சொல்லும், கடைக்காரருக்குச் சொல்லாது. எனக்கு நோட்டுதான் பிடிக்கும். பழைய ஆள் என்று கமெண்டில் திட்டுங்கள், பரவாயில்லை.

[திரையில்: ஒரு ஸ்டேஷன் வாசல்]

இப்போது நான் சொன்ன இன்னொரு கேமரா. ஸ்டேஷனுக்கு உள்ளே இருப்பது.

2020 டிசம்பர் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்றது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லை என்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. இங்கே கேமரா இருக்கிறது, உரிமை மீறப்பட்டால் நீங்கள் புகார் செய்யலாம் என்று வாசலில் பெரிய போர்டும் வைக்க வேண்டும். அடுத்த முறை ஸ்டேஷன் பக்கம் போகும்போது அந்தப் போர்டு கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் அதே கோர்ட், பல ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்யவில்லை என்று தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

இது ஏன் முக்கியம்? சாத்தான்குளம். 2020 ஜூன். ஜெயராஜ், பென்னிக்ஸ், போலீஸ் பிடித்துப்போய் அடித்ததில் இறந்துபோன தந்தையும் மகனும். ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். பால் பூத்தின் தூசி படிந்த டிவிஆரில்கூடச் சில நாள் பதிவு நிற்கும். தெருவைக் கேமரா பார்க்க வேண்டும் என்று நம்மிடம் கேட்க ஸ்டேஷனுக்கு முழு உரிமை உண்டு. உள்ளே இருக்கும் கேமரா ஓடுகிறதா என்று கேட்க நமக்கும் அதே உரிமை உண்டு. இதில் ஒன்று மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே சாத்தான்குளம்தான் இன்னொன்றையும் முடித்துவைத்தது. ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ். 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் ஆரம்பித்தது, மறுவருஷமே மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல யோசனை. ஏரியா ஆட்களே ரோந்துக்கும் கூட்டம் சமாளிக்கவும் துணைக்கு வருவார்கள். ஆனால் சாத்தான்குளத்தில் அந்தத் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது, 2020 ஜூலையில் அரசு தடை போட்டது. லத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

நல்லது நடப்பதையும் சொல்ல வேண்டும். வடசென்னையில் பல பிள்ளைகள் கேரம் போர்டையும் பாக்ஸிங் கையுறையையும் தொட்டது போலீஸ் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப்பில். 2022-இல் 'சிற்பி' என்று 100 பள்ளிகளில் 5,000 மாணவர்களோடு ஒரு திட்டம் தொடங்கியது. தெருவில் ஆதரவில்லாமல் கிடப்பவர்களை மீட்க 2021 முதல் 'காவல் கரங்கள்' இருக்கிறது. எனக்கு இதில் கேரம் போர்டுதான் முதலிடம். ஸ்டேஷன் என்றாலே ஒதுங்கி நடக்கிற ஒரு பையன், தானாகவே நடந்து வந்து காவலரிடம் "சார், ஸ்ட்ரைக்கர் காணோம்" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, ஸ்டேஷனுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். புகார் கொடுத்தால், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அது எஃப்ஐஆர் இல்லை, புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். "இது எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷன் போங்க" என்று அனுப்பக் கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்யச் சொல்கிறது. அப்படியும் வாங்க மறுத்தால், அதே பிரிவின்படி புகாரை எழுதி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். சென்னையில் உங்கள் ஏரியா துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

ரிஜிஸ்டர் தபால் போட்ட ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். அதைத் தொலைத்தால் அதற்கும் புகார் கொடுக்க அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.