நெஞ்சு படபடக்கும் அந்தப் பத்து நிமிஷம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குப் பேசப்போவது பேனிக் அட்டாக் என்கிற திடீர்ப் பயத் தாக்குதலைப் பற்றி. நம்ம ஊர்க்காரர்களுக்குப் பயத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த விடியற்காலையை மறக்க முடியுமா? அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, நாக்கு வறண்டது, கால் தானாக ஓடியது. அப்படி ஓடியதால்தான் பலர் பிழைத்தோம்.

அந்த வேலையைச் செய்வது மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி. ஆபத்து என்று தோன்றிய உடனே, நாம் யோசித்து முடிப்பதற்குள் அது உத்தரவு போட்டுவிடும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடும். இதயம் வேகமெடுக்கும். தோலுக்கும் வயிற்றுக்கும் போகிற ரத்தம் குறைந்து, பெரிய தசைகளுக்குக் கூடும். கை சில்லிடுவதும் வயிறு கலங்குவதும் அதனால்தான். சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தயாராகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை எழுதிவிட்டார்.

சரி, பேனிக் அட்டாக் என்றால் என்ன? கடல் அமைதியாக இருக்கும்போதே துறைமுகத்தில் பத்தாம் எண் புயல் கூண்டை ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். கூண்டு பொய். ஆனால் அதைப் பார்த்து உடம்பு ஓடுகிற ஓட்டம் நிஜம்.

புதுச்சேரி போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமாம்பாக்கம் தாண்டும்போது திடீரென்று படபடப்பு. மூச்சு போதவில்லை என்று வேக வேகமாக இழுக்கிறாள். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அப்புறம் விரல்கள் விறைத்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்குகிறது. செல்போனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர் “வலிப்பு!” என்று கத்தி, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இன்னொருவர், “கேஸ்தாங்க, சோடா குடுங்க” என்கிறார்.

இது வலிப்பும் இல்லை, கேஸும் இல்லை. (வலிப்பாகவே இருந்தாலும் சாவி ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) தேவைக்கு மேல் மூச்சு விட்டதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். நரம்புகள் சட்டென்று தூண்டப்பட்டு விரல் இழுத்துக்கொள்ளும். காற்று போதவில்லை என்று தோன்றும்போது உண்மையில் காற்று அதிகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது! அதனால் ‘நல்லா இழுத்து மூச்சு விடும்மா’ என்று சொல்லாதீர்கள். மெதுவாக, மூக்கு வழியாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். முகத்தில் காகிதப் பை வைக்கிற பழைய வைத்தியம் வேண்டாம். வந்தது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து.

பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் வரும். மயக்கம் ரத்த அழுத்தம் இறங்கினால் வருவது. இங்கே அது ஏறுகிறது. விழுவது அபூர்வம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் முறை வந்தால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘இது வெறும் பயம்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சை அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குப்பென்ற வேர்வை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுக்கட்டும், தைராய்டும் பார்க்கட்டும்.

எல்லாம் நார்மல் என்று வந்த பிறகுதான் நம் வீடுகளில் கொடுமையே ஆரம்பிக்கிறது. “ஒண்ணுமில்லையாம், நடிக்கிறா” என்பார்கள். ஒன்றுமில்லாமல் யாருக்காவது விரல் மடங்குமா? அந்தப் பெண் மறுநாள் பஸ் ஏற மாட்டாள். அடுத்த வாரம் சந்தைக்குப் போக மாட்டாள். அப்புறம் துணைக்கு ஆள் இல்லாமல் வாசல்கூடத் தாண்ட மாட்டாள். பத்து நிமிஷப் படபடப்பைவிட இந்தச் சுருங்கல்தான் எனக்குப் பெரிய நோயாகத் தெரிகிறது.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிகிச்சையாளர் உங்களை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார், சுழல் நாற்காலியில் சுற்ற வைப்பார். வேண்டுமென்றே படபடப்பையும் தலைசுற்றலையும் வரவழைத்து, அது வந்தால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே பழக்குவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. மாத்திரைகளும் உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் மூலமாக அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் தயவுசெய்து அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பழகிவிடும் மருந்து அது, டாக்டர் சொல்படிதான் குறைக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் வேண்டாம். முதல் சீட்டு வந்துவிட்டது: “காபி குடிக்கலாமா?” குடிக்கலாம். ஆனால் படபடப்பு வருகிறவர்களுக்கு கஃபீன் அதைத் தூண்டிவிடும். வெறும் வயிற்றில் குடிக்கிற அந்த இரண்டாவது டம்ளரை மட்டும் விட்டுப் பாருங்கள்.