மாலை ஐந்து மணிக்குப் பிறகு

(விடுதிப் பிள்ளைகளின் பெற்றோரும் காப்பாளர்களும் கூடிய கூட்டத்தில், திருமங்கலத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பெரியவர் அவர்களே, காப்பாளர்களே, சமையலர்களே, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு மனசு கேட்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். சமையலர்களைத் தனியாக விளித்ததற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

விடுதி மாணவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் ஆறாம் வகுப்பிலிருந்து விடுதிச் சோறு தின்று படித்தவன்தான். பிறகு வாத்தியாராகி, விடுதியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவன். இந்தத் தலைப்பென்றால் ஒழுக்கம், நேரம் தவறாமை, சொந்தக் காலில் நிற்பது என்று பேசுவது வழக்கம். அதில் பொய்யில்லை. ஆனால் எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விட்டுவிடும். அதிலிருந்து மறுநாள் முதல் மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? கட்டடம், கட்டில், சீருடை எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறோம். இதை மட்டும் யாரும் கணக்கெடுப்பதில்லை.

நம் பக்கத்து வரலாற்றையே பாருங்கள். நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்து. இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்று வாசகம் வரும். குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் பெயரும் அங்கே வரும். மாணாக்கனின் பெயருக்கு முன்னால் அவனுடைய ஆசிரியர் பெயர் நிற்கிறது. அவன் யாருடைய பொறுப்பில் வளர்ந்தவன் என்பதைக் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அதே கீழக்குயில்குடியில்தான் 1914இல், ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டம் நம் பக்கத்துக் கள்ளர் மக்கள்மேல் பாய்ந்தது. ஆண்பிள்ளைகள் ரேகை பதிய வேண்டும், ராத்திரியில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். அந்த நெருப்புக்குப் பிறகுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அவற்றோடு விடுதிகளும் பெருகின. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அந்த விடுதியிலிருந்து வந்தவர்தான். இந்த மண்டபத்திலும் அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தாத்தன் ராத்திரியில் ஆஜர் கொடுத்த மண்ணில் பேரன் ராத்திரியில் ரோல்கால் கொடுக்கிறான். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. பெயரைக் கூப்பிடும்போது தலையை எண்ணுகிறோமா, முகத்தைப் பார்க்கிறோமா? முகத்தைப் பார்க்கிற காப்பாளருக்கு, எவன் இன்றைக்குச் சாப்பிடவில்லை, எவன் அழுதிருக்கிறான், எவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று அந்த ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். நோட்டைப் பார்த்தபடி பெயர் வாசிக்கிறவருக்குத் தெரியாது.

மதுரை வைத்தியநாதய்யர் என்றால் 1939 ஜூலை 8, மீனாட்சியம்மன் கோயில் நுழைவு என்று எல்லாருக்கும் தெரியும். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கோயிலுக்குள் போனவர்களில் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக் கக்கனும் ஒருவர். பின்னாளில் அமைச்சரானவர். கூட உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு பெரிய மனிதர் இருந்தார் என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த விடுதி.

இனி இன்றைய பிள்ளைக்கு வருவோம்.

ஜூன் மாதம் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பெட்டி, ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வந்து இறங்குகிறான். பத்து பதினோரு வயது. அப்பா அம்மா முறுக்குப் போடும் வேலைக்கு வடக்கே போயிருப்பார்கள், செங்கல் சூளையில் இருப்பார்கள், கரும்பு வெட்டப் போயிருப்பார்கள். ஊரில் பாட்டி மட்டும் இருப்பார். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று விதி. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தூரக் கணக்குக் கிடையாது. அந்த விடுதி ஒவ்வொன்றிலும் முகாம்வாழ் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஐந்து இடங்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இங்கே உச்சப்பட்டி முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

முதல் மாதம்தான் மிகக் கடினம். பகலில் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் வீட்டு ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைவிட மோசம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகு மற்ற பிள்ளைகள் பார்க்காத மூலை தேடி அழுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஆம்பளப் புள்ள அழலாமா' என்று அங்கே சொல்லக் கூடாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். ஊரில் ஆடு இருக்கிறதா, எத்தனை குட்டி என்று கேட்டால் அவனே பேச ஆரம்பித்துவிடுவான்.

இன்னொன்று. பெற்றோர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு விடுதியிலும் இருக்கிறார்கள். அது திமிர் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. வீட்டில் நின்றுபோன பழக்கம், விடுதிக்கு வந்த ஏக்கத்தில் திரும்ப வரும். கழிப்பறை தூரத்தில் இருக்கும், போகிற வழியில் விளக்கு எரியாது, பத்து வயதுப் பிள்ளை எப்படித் தனியாகப் போகும்? காலையில் பாயை வெயிலில் போடும்போது மற்ற பிள்ளைகள் சிரிக்க, அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாதியில் படிப்பை விட்டு ஓடிப்போன பையன்கள் உண்டு. அந்த வழியில் ஒரு பல்பு போடுங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை எல்லாரையும் கூட்டிப் போங்கள். அந்தப் பிள்ளையின் பாயைச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம்.

சிரங்கும் அப்படித்தான். ஒரு பையன் சொறிந்தால் அவனுக்கு மட்டும் மருந்து தடவி அனுப்பிவிடுகிறோம். பக்கத்தில் படுத்தவனிடமிருந்து பத்தாம் நாள் திரும்ப அவனுக்கே வந்துவிடும். அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். துணி, போர்வை எல்லாவற்றையும் அன்றைக்கே வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். கைக்கு எட்டிய வேலை இது. ஒருவர் முன்நின்று செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் விடுதியில் முதல் மாதவிலக்கு வருகிற நாளில் அந்தக் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? அரசாங்கம் இலவச நாப்கின் கொடுக்கிறது. பொட்டலத்தை வாங்குவதற்கு முன்னால், வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஒரு அக்கா வேண்டும், ஒரு அம்மா வேண்டும். பல விடுதிகளில் அந்த அம்மா சமையல்கார அம்மாதான். நான் முதலில் சமையலர்களைக் கும்பிட்டது இதற்காகத்தான். காப்பாளருக்குச் சில நேரம் இரண்டு விடுதிப் பொறுப்பு இருக்கும், அலுவலகம் போக வேண்டும், கணக்கு எழுத வேண்டும். அதிகாலையில் அடுப்புப் பற்ற வைக்கிறவர்தான் பிள்ளைகளை முதலில் பார்க்கிறார். ராத்திரிக் கடைசியாகத் தட்டு எண்ணுகிறவரும் அவர்தான். எவன் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தான் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் அறிவித்த உயர்வுப்படி, பள்ளி விடுதிப் பிள்ளைக்கு மாத உணவுப்படி 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. கல்லூரி மாணவருக்கு 1,100 என்றிருந்தது 1,500. நானூறு ரூபாய் ஏற்றியது நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் 1,400 என்றால் நாளைக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. அதில்தான் மூன்று வேளை. பரவை மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறுகிற வாரத்தில் சாம்பார் தண்ணீராவதற்குச் சமையலரைத் திட்டிப் பயனில்லை. விலைவாசி ஏறும்போது படியும் தானாக ஏற வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். அதே சமயம், வருகிற பணமும் பண்டமும் முழுசாக இலையில் விழுகிறதா என்று பார்க்கவும் நமக்கு உரிமை உண்டு. முட்டை போடுகிற நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காசு கட்டிப் படிக்கும் உறைவிடப் பள்ளிகளைப் பற்றியும் பேச வேண்டும். கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி இன்றும் இருக்கிறது. அதுபோன்ற மலைப்பள்ளிகளில் பிள்ளைகளோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்து தாய்தகப்பன் ஸ்தானத்தில் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தேவையானது அதுதான் என்று பணக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் அதே வயதுதான், அதே அழுகைதான்.

கீழே சமவெளியில் நம் ஆட்கள் நகையை அடகு வைத்துச் சேர்க்கிற பள்ளிகள் வேறு ரகம். விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, ராத்திரி பத்தரைக்குப் படுக்க விடுகிறார்கள். ஆறு மணி நேரத் தூக்கம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்குக் குறையவே கூடாது. தூங்காத பிள்ளைக்குப் படித்தது மனசில் தங்காது. மதிப்பெண்ணுக்காகவே தூக்கத்தைப் பறிக்கிறார்கள், பறித்ததால் மதிப்பெண்ணும் போகிறது. இதைச் சொன்னால் கோபப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். கோபப்பட்டாலும் சொல்லத்தான் செய்வேன். சேர்க்கைக்குப் போகும்போது வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ரேங்க் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரியில் எந்த ஆசிரியர் தங்குகிறார், அவர் அறை பிள்ளைகளின் அறைக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்று 2014இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அடிப்பதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடம்பையும் மனசையும் வதைக்கிற தண்டனை கூடாது என்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, இரண்டையும் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.

விடுதியில் கஷ்டம் மட்டும்தானா என்றால், இல்லை. ஒரே தட்டில் நாலு கை விழுகிற நட்பு அங்கேதான் கிடைக்கும். ஒருவன் கணக்குச் சொல்லிக் கொடுப்பான், இன்னொருவன் துணி அலசக் கற்றுக்கொடுப்பான். ஊரில் ஒருத்தர் தெருவுக்குள் ஒருத்தர் போகாத வீட்டுப் பிள்ளைகள், ஒரே வாளித் தண்ணீரில் குளிக்கிறார்கள். துறைவாரியாகச் சாதிக்கு ஒரு பலகை மாட்டி வைத்திருந்த விடுதிகளுக்கெல்லாம் 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். பலகை மாறியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. உள்ளேயும் எல்லாப் பிள்ளைகளும் கலந்து தங்குகிற நாள் வர வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். போனில் பிள்ளையோடு பேசும்போது, 'நல்லாப் படிக்கிறியா' என்று தொடங்காதீர்கள். இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். நாலைந்து தடவை கேட்டும் பெயர் வரவில்லை என்றால், அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேரில் போய்விடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும், முன்னாள் விடுதி மாணவர்களிடமும் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை, வாரத்தில் ஒருநாள், ஒருவர். கணக்கோ இங்கிலீஷோ சொல்லிக்கொடுங்கள், இல்லையென்றால் கூட உட்கார்ந்து பேசுங்கள், செஸ் ஆடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். பெண்கள் விடுதிக்குப் பெண்கள்தான் போக வேண்டும். காப்பாளரின் எழுத்து அனுமதியோடுதான் யாராக இருந்தாலும் உள்ளே போக வேண்டும். எந்த நேரமும் சமையலரோ காப்பாளரோ கண்பார்வையில் இருக்க வேண்டும். இதில் தளர்வே கூடாது.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும், உங்களுக்கு எந்தக் கிழமை தோது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆள் ரொம்பத் தேவை. காப்பாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள், எதுவும் கேட்க வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள்.