சைனீஸ் படிக்கத் தெரியாம துன்ஹுவாங் சுவடிக் கண்காட்சில என்ன பார்க்கிறது?

சரி, அடுத்த கேள்வி. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில 2024 செப்டம்பர்ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும், சீனாவுல துன்ஹுவாங்கிற ஊர்ப் பக்கம் ஒரு குகைல கிடைச்ச பழைய சுவடிகளை வச்சு ஒரு கண்காட்சி நடந்துச்சு, அதுக்குப் போயிட்டு வந்ததைப் பத்தி பேசியிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்துட்டு ஒரு நேயர் கேக்குறாங்க, "எனக்கு சைனீஸ்ல ஒரு எழுத்துகூட தெரியாது, கண்ணாடிக்குள்ள பழைய பேப்பரைப் பார்த்து என்ன ஆகப் போகுது? அப்புறம் உலகத்தோட முதல் அச்சுப் புத்தகம் அங்கதான் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். வைர சூத்திரம்னு ஒரு பௌத்த நூல், கி.பி. 868ல மரக்கட்டைல செதுக்கி அச்சடிச்சது, 5 மீட்டருக்கு மேல நீளமான சுருள். முதல் அச்சுன்னு சொன்னா தப்பு, கொரியாவுலயும் ஜப்பான்லயும் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே அச்சடிச்ச மந்திரத் தாள்கள் கிடைச்சிருக்கு. ஆனா முழுசா கிடைச்சு, தேதியும் அதுலயே போட்டிருக்கிற அச்சு நூல்ல இதுதான் பழசு. கூட்டன்பர்க் பைபிள் வர்றது கிட்டத்தட்ட 1455ல, அதாவது இதுக்கப்புறம் கிட்டத்தட்ட 600 வருஷம் கழிச்சு.

இப்ப முதல் கேள்வி, இதுதான் முக்கியமானது. படிக்கத் தெரியலைன்னா பார்க்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கண்காட்சி முடிஞ்சாச்சு, ஆனா இனி எப்பவாவது இந்த வைர சூத்திரச் சுருளைப் பார்க்கக் கிடைச்சா நான் சொல்றது ஒண்ணுதான், சுருளோட கடைசிக்குப் போங்க. எல்லாரும் ஆரம்பத்துல இருக்கிற படத்துகிட்டயே நின்னுடுவாங்க, அது அழகான படம்தான், புத்தர் நடுவுல உக்காந்திருக்கார், ஓரத்துல சுபூதின்னு வயசான சீடர் ஒரு தோளைத் திறந்து விட்டு, முழங்கால் போட்டு, கை கூப்பி கேள்வி கேக்குறார், அந்தக் கோடெல்லாம் அவ்வளவு நுணுக்கம், மரத்துல இப்படி செதுக்கணும்னா அந்தத் தொழில் ஏற்கனவே பல தலைமுறையா நடந்துட்டு இருந்திருக்கணும்னு பார்த்தாலே தெரியும். ஆனா நூல் முடிஞ்சதும் கடைசில ஒரே ஒரு வரி இருக்கு. வாங் ஜியேங்கிறவர், தன்னோட அப்பா அம்மா ரெண்டு பேருக்காகவும், எல்லாருக்கும் இலவசமா குடுக்கிறதுக்காக இதை செய்ய வச்சார்னு தேதியோட போட்டிருக்கு. அவர் யாரு எவருன்னு அந்த ஒரு வரிக்கு மேல ஒண்ணும் கிடையாது.

இந்தக் கடைசி வரிகள்தான் துன்ஹுவாங் சுவடிகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதே வைர சூத்திரத்தை கையால எழுதின இன்னொரு பிரதி அதே லைப்ரரில இருக்கு, 906ல எழுதினது, எழுதினவருக்கு 83 வயசு, தன் கையைக் குத்தி ரத்தம் எடுத்து மையோட கலந்து எழுதினதா அவரே கடைசில குறிச்சு வச்சிருக்கார். இன்னொண்ணு இருக்கு, சின்ன நோட்டுப் புத்தகம் மாதிரி, அதை எழுத வச்சது ஒரு கிழட்டு உழவு மாட்டுக்காக! செத்துப் போன அந்த மாடு சுத்த பூமிங்கிற புத்தரோட நல்ல உலகத்துல போய்ப் பிறக்கணும், இனிமே மிருகப் பிறவியே எடுக்கக்கூடாதுன்னு வேண்டுதல். ஏர்ல கட்டி உழைச்ச மாட்டுக்கு சூத்திரம் எழுத வச்ச மனுஷனைப் புரிஞ்சுக்க நமக்கு சைனீஸ் எதுக்குங்க, பக்கத்துல இருக்கிற விளக்க அட்டையைப் படிச்சாலே போதும்.

அப்புறம் பேப்பரைப் பாருங்க. நிறைய சுருள் மஞ்சளா இருக்கும், பழசானதால மட்டும் இல்ல, ஒரு மரப்பட்டைச் சாயத்துல முக்கி எடுப்பாங்க, பூச்சி அரிக்காது. நல்லா எழுதின சூத்திரச் சுருள்ல மேல இருந்து கீழ எழுதின ஒரு வரியை எண்ணிப் பாருங்க, பெரும்பாலும் 17 எழுத்து வரும், அதுதான் அவங்க கணக்கு. வெளிச்சம் கம்மியா இருக்கேன்னு கோபப்படாதீங்க, லைட் பட்டா சாயமும் பேப்பரும் கெட்டுப் போயிடும், கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா கண்ணு பழகிடும்.

இதெல்லாம் லண்டனுக்கு எப்படி வந்துச்சுன்னும் தெரிஞ்சுகிட்டுப் போங்க. சீனாவோட கான்சு மாகாணத்துல பாலைவன ஓரம், துன்ஹுவாங் பக்கத்துல மொகாவ் குகைகள், அங்க ஒரு சின்ன அறையை 11ஆம் நூற்றாண்டு வாக்குல அடைச்சு மூடிட்டாங்க, 1900ல வாங் யுவான்லுன்னு ஒரு தாவோ துறவி கண்டுபிடிச்சார், உள்ள 40,000க்கும் மேல சுவடி, சைனீஸ் மட்டும் இல்ல, திபெத்தியன், சமஸ்கிருதம், மத்திய ஆசியாவோட பழைய மொழியான சோக்தியன் எல்லாம். 1907ல ஆரல் ஸ்டைன்னு ஒரு பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் வந்து ரொம்பக் கொஞ்ச காசைக் குடுத்து பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போனார், அந்தப் பயணத்துக்கு பிரிட்டிஷ் மியூசியத்தோட சேர்ந்து அன்னைய இந்திய அரசாங்கமும் பணம் போட்டிருக்கு, அதனால அதுல ஒரு பங்கு டெல்லி நேஷனல் மியூசியத்துல இருக்கு. அடுத்த வருஷமே பிரான்ஸ்ல இருந்து பெல்லியோன்னு ஒரு சீனவியல் அறிஞர் வந்து இன்னொரு பங்கைத் தூக்கிட்டார். சீனாவுல இதைப் பேசும்போது இன்னைக்கும் வலியோடதான் பேசுறாங்க, அந்த வலி நியாயம்னுதான் நான் சொல்லுவேன், கண்ணாடி முன்னாடி நிக்கும்போது அதையும் மனசுல வச்சுக்கணும்.

லண்டனெல்லாம் போக முடியாதுங்கிறவங்க சர்வதேச துன்ஹுவாங் திட்டத்தோட சைட்டுக்குப் போங்க, 1994ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, படத்தைப் பெரிசு பண்ணி எழுத்து எழுத்தா பார்க்கலாம். அந்த மாட்டுப் பிரதியோட நம்பர் எஸ் 5544, குறிச்சுக்கோங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.