யூரியா விலை எங்கே முடிவாகிறது?

நண்பர்களே, உர விலை ஏறினால் உடனே பதுக்கல், தட்டுப்பாடு என்றுதான் பேச்சு வருகிறது. அவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யூரியா போன்ற தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது எரிவாயு விலைதான்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. யூரியா செய்ய அதை முதலில் அம்மோனியாவாக மாற்ற வேண்டும், அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். இதை வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியதை கார்ல் போஷ் ஆலை அளவுக்கு வளர்த்தார். ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் உற்பத்தி தொடங்கியது. இன்றும் அடிப்படை வினை அதேதான். ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சீனாவில் மட்டும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. அதாவது, எரிவாயு இங்கே எரிபொருள் மட்டுமல்ல, மூலப்பொருளும் அதுவே. அது விலை ஏறினால் வேறு எங்கே சிக்கனம் பிடித்தாலும் ஆலைக்குக் கட்டுப்படியாகாது.

2021, 2022இல் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது. அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடப்பட்டன. சொந்தமாகத் தயாரிப்பதைவிட இறக்குமதி மலிவு என்ற நிலை வந்தது. அதே சமயம் சீனா உள்நாட்டு விவசாயத்தைக் காக்க உர ஏற்றுமதியை இறுக்கியது. அப்புறம் உக்ரைன் போர். ரஷ்யா நைட்ரஜன் உர ஏற்றுமதியில் முன்னணி நாடு. மூன்றும் சேர்ந்தபோது அடி விழுந்தது ஏழை நாடுகளின் விவசாயிகள் மேல். பணமுள்ள நாடு மானியம் கொடுத்துச் சமாளித்தது. மற்றவர்கள் உரத்தைக் குறைத்தார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சந்தையைக் கவனிப்பவர்கள் எரிவாயு விலையோடு, யூரியா இறக்குமதிக்கு இந்தியா விடும் டெண்டரையும் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய கொள்முதலில் முடிவாகும் விலையை மற்ற வியாபாரிகளும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பாரசீக வளைகுடா நாடுகளின் யூரியா ஏற்றுமதியில் பெரும்பகுதி, அந்த வளைகுடாவிலிருந்து வெளியேறும் குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை வழியாகவே போகிறது. அங்கே பதற்றம் என்றால் யூரியா விலையும் ஆடும்.

சரி, எரிவாயுவை விட்டு விலக முடியாதா? சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். அந்த ஹைட்ரஜனில் செய்வதுதான் பசுமை அம்மோனியா. வழி தெரிந்ததுதான், விலைதான் இன்னும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி உரத்தின் கரிம உமிழ்வுக்கு 2026 முதல் கட்டணம் விதிப்பதால் அந்த விலை இடைவெளி கொஞ்சம் குறையலாம். ஆனால் கப்பல் நிறுவனங்களும் அம்மோனியாவை எரிபொருளாக்கப் பார்க்கின்றன. அவர்களோடு போட்டி போட்டு வாங்க விவசாயியால் முடியாது. ஆகவே பசுமை அம்மோனியாவுக்கு அரசுகள் பணம் ஒதுக்கும்போதே, உரத்துக்கென்று ஒரு பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டும்.