பாடிக் கறக்கிற மாடு

மேடையில் அமர்ந்திருக்கும் செயலர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, துறைத் தலைவர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து வரவேற்ற நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. கல்லூரி வகுப்பில் மகிழ்ச்சி என்பதுதான் தலைப்பு. ஆசிரியர், மாணவர், தேர்வு என்று மூன்றையும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியதில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பழமொழிதான்.

ஒரு தடவை ஆஸ்மாசிஸ், அதாவது மெல்லிய சவ்வு வழியாக உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போவது பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லி, போர்டில் படமும் போட்டாயிற்று, அறுபது முகத்திலும் ஒரு அசைவு இல்லை. சட்டென்று, "உங்கள் வீட்டில் மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் என்ன இருக்கும்?" என்று தமிழில் கேட்டேன். "தண்ணி விட்டிருக்கும் சார்!" என்று நாலைந்து குரல். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, அந்த செமஸ்டர் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "உப்பு கம்மியானா ஏன் சார் பூஞ்சை பிடிக்குது? அம்மா எப்பவும் திட்டுவாங்க" என்றாள். அட, இதைவிட நல்ல கேள்வியை எந்த வினாத்தாளில் பார்த்தோம்! உப்பு அதிகமாக இருந்தால் நுண்ணுயிருக்குள் இருக்கிற தண்ணீரையும் அது வெளியே இழுத்துவிடும், அப்புறம் அது எப்படிப் பெருகும் என்று பதிலை அவர்களே சேர்ந்து கண்டுபிடித்தார்கள். மணி அடித்தும் ஒருவர் எழவில்லை. அந்தப் பெண்ணுக்கு அறிவு அன்று புதிதாக வரவில்லை, கேட்க மொழி கிடைத்தது. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்க வேண்டும்?

தமிழில் உயர்கல்வி நடக்காது என்று இன்னும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860களிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் படியுங்கள். ஆனால் சந்தேகம் தமிழில்தான் வருகிறது என்றால் அதைத் தமிழிலேயே கேட்க விடுங்கள்.

தேர்வைப் பற்றிப் பேச நேரம் இல்லை. முதல்வர் அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் தமிழில் கேள்வி கேட்பதற்கு என்று அடுத்த செமஸ்டர் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.