வட சென்னையில இருந்து சைக்கிள்ல கெளம்பினா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிள் எடுத்துக்கிட்டு கிராமத்துப் பக்கம் போயிட்டு சாயந்திரத்துக்குள்ள வீட்டுக்கு வர்றதைப் பத்திதான் இன்னிக்கு பேசப்போறேன். நம்ம ஏரியாவுல சைக்கிள்ல எங்க போலாம்னு யாரைக் கேட்டாலும் தெற்கால கடலோரமா போற ஈசிஆர் ரோடுன்னு சொல்றாங்க, சில பேரு சைக்கிளை கார்ல கட்டி ஊரோட அந்தக் கோடிக்கு கொண்டுபோயி அங்க ஓட்டிட்டு திரும்ப கட்டி எடுத்துட்டு வர்றாங்க, எனக்கு அதைப் பாக்க வருத்தமாதான் இருக்கு. ஏன்னா வயக்காடு, ஏரி, பனந்தோப்பு இதெல்லாம் தண்டையார்பேட்டைக்காரனுக்கும் திருவொத்தியூர்க்காரனுக்கும்தான் பக்கம், நடுவுல நிக்கிற கன்டெய்னர் லாரியையும் மணலி கம்பெனி புகைக்கூண்டையும் பாத்துட்டு, அதோட ஊர் முடிஞ்சிதுன்னு நெனச்சிட்டோம். மணலி புதுநகரைத் தாண்டி கொஞ்சம் மிதிச்சீங்கன்னா கொசஸ்தலை ஆறு வந்துரும், அதை ஒட்டி நெல்லு போட்டிருப்பாங்க, ஜனவரில போனா நவரை நடவு நடக்கும், பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டு இருப்பாங்க, கொக்கு பின்னாடியே நடந்து வரும்.

மொதல்ல சைக்கிள் விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா முக்கால்வாசி பேரு இங்கதான் நின்னுடறாங்க. அம்பதாயிரம் ரூபா சைக்கிள் வேணும், கியர் வேணும், பளபளன்னு டிரெஸ் வேணும்னு ஒரு பயம். வேணாங்க. பிளஸ் ஒன் படிக்கும்போது உங்க பையனுக்கோ பொண்ணுக்கோ கவர்மென்ட்ல குடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு கீழ தூசி படிஞ்சு கெடக்கும் பாருங்க, அது போதும். நம்ம பக்கம் பூராவும் சமதரை, மேடுன்னா பாலமும் ஏரிக்கரையும்தான், அதுக்கு கியர் எதுக்கு. ரெண்டு டயரும் வெடிப்பு இல்லாம இருக்கணும், பிரேக் கட்டை தேயாம இருக்கணும், செயின்ல எண்ணெய் இருக்கணும். சீட்டு உயரம் மட்டும் ஒழுங்கா வைங்க, இதை யாரும் கண்டுக்கிறதே இல்ல. சீட்டுல உக்காந்து குதிகாலை பெடல் மேல வச்சு, பெடலை அடியில கொண்டுபோனா கால் நேரா நீளணும், அதுதான் அளவு. தரையில முழுப் பாதமும் ஊனணும்னு சீட்டை அமுக்கி வச்சு ஓட்டினீங்கன்னா இருபது கிலோமீட்டர்ல முட்டி புடிச்சிக்கும், அப்பறம் சைக்கிளே ஆகாதுன்னு சொல்லிடுவீங்க, தப்பு சைக்கிள் மேல இல்ல.

அடுத்தது லாரி. இதை நான் மெதுவா சொல்றேன், வீட்டுல பசங்க இருந்தா கூப்பிட்டு கேக்க வைங்க. ட்ரெய்லர் லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போற வழியில பின்சக்கரம் போகாது, உள்ளுக்கு வெட்டிக்கிட்டு வரும், அந்த நேரத்துல லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல சைக்கிள்காரன் இருந்தா டிரைவர் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டான். அதனால சிக்னல்லயும் சரி, வளைவுலயும் சரி, ட்ரெய்லரோட இடது பக்கத்துல புகுந்து முன்னாடி போற வேலையே வேணாம், பின்னாடியே நில்லுங்க, அது போகட்டும். ரோட்டு ஓரத்துல லாரில இருந்து கொட்டின மணலும் ஜல்லியும் கெடக்கும், அதுல பிரேக் புடிச்சா சறுக்கும். தலைக்கு ஹெல்மெட், பின்னாடி ஒரு சிவப்பு லைட். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்ன ரோடு கொஞ்சம் காலியா இருக்கும், காசிமேட்டுக்கு மீன் வாங்க வர்ற வண்டியெல்லாம் சேர்றதுக்குள்ள கெளம்பிடுங்க.

இப்போ எங்க போறது. இங்கதான் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. போன்ல ஆப் வச்சுக்கிட்டு அம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர்னு எண்ணிக்கிட்டு போறவங்க போகட்டும், அதுக்குன்னே பிரெவேன்னு ஒண்ணு உலகம் பூரா நடக்குது, 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும், 600 கிலோமீட்டர்னா 40 மணி நேரம், அதெல்லாம் பெரிய உழைப்பு, மதிக்கிறேன். ஆனா நம்மள மாதிரி வாரம் பூரா வேலை பாத்துட்டு ஒரு நாள் வெளிய போறவங்களுக்கு ஏதாவது ஒண்ணைப் பாக்கணும், தெரிஞ்சிக்கணும்னு ஒரு காரணம் வேணும், கணக்கை மட்டும் வச்சுக்கிட்டுப் போனா ரெண்டு வாரத்துல சலிச்சுப் போயிடும். எனக்கு அந்தக் காரணத்தைக் குடுத்தது நம்ம ஊர் கதைதான்.

திருவொத்தியூர் கோயிலுக்கு நீங்க எல்லாரும் போயிருப்பீங்க. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை கல்யாணம் பண்ணிக்கிட்ட எடம், உன்ன விட்டுப் போகமாட்டேன்னு மகிழமரத்தடியில சத்தியம் பண்ணின எடம். அந்த சங்கிலியம்மா பொறந்த ஊர் எதுன்னு கேட்டா நிறைய பேருக்கு தெரியாது. ஞாயிறுன்னே ஒரு கிராமம், செங்குன்றத்துக்கு அந்தாண்ட, அருமந்தை பக்கம். அந்தம்மாவோட ஊருக்கு நம்ம ஊர்ல இருந்து ஒரு காலைப்பொழுதுல சைக்கிள்ல போயிட்டு வந்துரலாம். மணலி புதுநகர், விச்சூர், வெள்ளிவாயல் பக்கமா போலாம், இல்லன்னா செங்குன்றம் வந்து வடகரை வழியா போலாம், செங்குன்றம் வழியா போனா புழல் ஏரிக்கரை பாக்கலாம். ஞாயிறு கோயில்ல புஷ்பரதேஸ்வரர், சூரியன் வழிபட்ட தலம்னு ஜனங்க வருவாங்க, ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும். கோயிலுக்கு உள்ள போறது போகாதது உங்க விருப்பம், அந்த வழி இருக்கே, ரெண்டு பக்கமும் பனை, சித்திரை மாசத்துல நுங்கு, தை மாசத்துல பனங்கிழங்கு, மின்சாரக் கம்பில ஒரு பனங்காடை உக்காந்திருக்கும், சும்மா பாத்தா மங்கலா இருக்கும், எழும்பி றெக்கையை விரிச்சா நீலம் அப்படியே பளிச்சுன்னு அடிக்கும், அதுக்காகவே நான் வேகத்தைக் கொறச்சிடுவேன்.

அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில நின்னேன், கீத்துக் கொட்டாய், பெஞ்சுல ரெண்டு பெரியவங்க. கடைக்கார அக்கா கேட்டாங்க, "எங்கேர்ந்து தம்பி வர்றீங்க?" "திருவொத்தியூர்ல இருந்துக்கா." "பஸ்ஸு இல்லியா இன்னிக்கு?" "பஸ்ஸு இருக்குதுக்கா, சைக்கிள்ல வரணும்னுதான் வந்தேன்." அவங்க கொஞ்ச நேரம் சைக்கிளையே பாத்தாங்க, அப்பறம் டீயோட ஒரு சொம்பு தண்ணியும் சேத்து வச்சு, "எங்க பெரியம்மாவ ஒத்தியூர்லதான் குடுத்திருக்குது, மாட்டு மந்தை பக்கம்"னாங்க. அதுக்கப்பறம் எந்த ரோடு மண்ரோடு, எங்க பாலம் வேலை நடக்குது, எந்தத் தெருவுல நாய் தொரத்தும் எல்லாத்தையும் அந்தப் பெரியவங்களே சொல்லிட்டாங்க. கார்ல போறவனுக்கு இந்தப் பேச்சு கெடைக்காது, அவன் கண்ணாடி எறக்கி வழி கேட்டுட்டு போயிடுவான், சைக்கிள்காரன் வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறான், அவனை உக்கார சொல்லித்தான் பேசுவாங்க.

கதையோட மிச்சத்துக்கு வர்றேன். சத்தியத்தை மீறி சுந்தரர் ஒத்தியூர் எல்லையைத் தாண்டினதும் கண்ணு போயிடுது. பார்வை இல்லாமயே வடதிருமுல்லைவாயில் போறார், அங்கேர்ந்து திருவெண்பாக்கம் போறார், அங்கதான் சாமி அவருக்கு ஒரு ஊன்றுகோல் குடுக்கறார். இந்த வெண்பாக்கம் கோயில் இருந்த எடம் இப்போ பூண்டி ஏரித் தண்ணிக்கு அடியில இருக்கு. சத்தியமூர்த்தி மெட்ராஸ் மேயரா இருந்தப்போ தண்ணிக் கஷ்டத்துக்காக முயற்சி எடுத்து, 1944ல கட்டி முடிச்ச ஏரி, அவர் பேர்லயே சத்தியமூர்த்தி சாகர்னு பேரு. ஏரிக்காக அந்தக் கோயிலை எடுத்து கரைக்கு மேல பூண்டியில வச்சாங்க, ஊன்றீஸ்வரர் கோயில்னு கேட்டா வழி சொல்வாங்க. 1996ல இருந்து ஆந்திராவுல இருந்து வர்ற கிருஷ்ணா ஆத்துத் தண்ணியும் ஊத்துக்கோட்டை பக்கம் கால்வாய்ல எறங்கி இதே பூண்டிக்குத்தான் வருது, இங்கேர்ந்து சோழவரம், புழல்னு ஓடி நம்ம வீட்டுக் குடத்துக்கு வருது. குழாயடில குடத்தை வரிசைல வச்சுட்டு நின்ன ஜனம் நாம, அந்தத் தண்ணி வர்ற கால்வாயை ஒட்டி ஒரு தடவையாவது சைக்கிள் மிதிச்சுப் பாக்கணும்ங்கிறது என்னோட ஆசை. பூண்டிக்கு பக்கத்துலயே அத்திரம்பாக்கம், 1863ல நிலவியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டோட குழு கல் ஆயுதம் கண்டுபிடிச்ச எடம், அதுல சிலது 15 லட்சம் வருஷத்துக்கு பழசுன்னு 2011ல ஆராய்ச்சி வந்துச்சு. பூண்டியில அதுக்கு ஒரு சின்ன மியூசியமும் இருக்கு. ஆனா ஒண்ணு, இது போக மட்டுமே அம்பது அறுபது கிலோமீட்டர் ஆகும், புதுசா ஓட்டுறவங்க எடுத்த உடனே இதுக்குப் போகாதீங்க, மூணு நாலு தடவை கிட்டக்க போயி ஒடம்பு பழகினப்பறம் போங்க.

பழவேற்காடும் அப்படித்தான், மீஞ்சூர், பொன்னேரி வழியா போகணும். அதுக்கு காத்தை தெரிஞ்சு வச்சுக்கணும். டிசம்பர், ஜனவரில வாடைக்காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், போகும்போது மூஞ்சில அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளிவிடும், அசந்து வர்ற நேரத்துல அது பெரிய உதவி. கோடைல நேர்மாறு, மத்தியானத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குல இருந்து வரும், ஊருக்குத் திரும்புறவனுக்கு எதிர்காத்து, அதோட வெயில் வேற. அதனால ஏப்ரல், மே மாசத்துல தூரப் பயணமே வேணாம், பத்து மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க, எந்த மாசமா இருந்தாலும் மணிக்கு அரை லிட்டராவது தண்ணி குடிங்க, நடுவுல உப்பு போட்ட மோர் குடிங்க. குளிர்காலத்துல பழவேற்காடு ஏரில பூநாரை கூட்டம் கூட்டமா நிக்கும். ஊருக்குள்ள டச்சுக்காரங்க கல்லறை இருக்கு, 1613ல கெல்ட்ரியா கோட்டை கட்டினவங்க அவங்க, கல்லறை வாசல்ல எலும்புக்கூட்டை கல்லுல செதுக்கி வச்சிருப்பாங்க, கிட்டப் போயி விலா எலும்பை எண்ணலாம் அவ்ளோ சுத்தமா இருக்கும். ஏரிக்குள்ள இருளர் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில ஓலைக் கூடையைப் பல்லுல கவ்விக்கிட்டு கையால தடவித் தடவி எறா புடிப்பாங்க, அவங்களைப் பாத்ததும் போனைத் தூக்கி போட்டோ எடுக்காதீங்க, அவங்க வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க, பேசுங்க, பேசுனா பேசுவாங்க. எண்ணூர் முகத்துவாரத்துலயும் இதே வேலை செஞ்சவங்க நிறைய பேரு, 2023 டிசம்பர் புயல் மழையில அங்க எண்ணெய் கலந்தப்போ வலை, படகு, எறா எல்லாம் போச்சு. சைக்கிள்ல எண்ணூர் பாலத்தைத் தாண்டறப்போ கொஞ்சம் நின்னு கீழ ஓடுற ஆத்தைப் பாருங்க, அது எப்படி இருந்துச்சு, இப்போ எப்படி இருக்குன்னு நாமளே பாத்து தெரிஞ்சிக்கணும்.

உழைக்கிற ஜனத்துக்கும் இந்த சைக்கிள் பயணத்துக்கும் பழைய உறவு இருக்குங்க, இது ஏதோ வசதியானவங்க விளையாட்டு இல்ல. இங்கிலாந்துல 1894ல பர்மிங்காம் நகரத்துல கிளாரியன் சைக்கிள் கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சோஷலிசம் பேசுன தொழிலாளிங்க, ஆறு நாள் பட்டறைப் புகையில நின்னுட்டு ஞாயித்துக்கிழமை கூட்டமா கிராமத்துப் பக்கம் மிதிச்சுப் போயி, போற ஊர்ல கூட்டம் போட்டு பேசிட்டு, துண்டறிக்கை குடுத்துட்டு வருவாங்க. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது நம்ம பெரம்பூர் மில்லு ஜனத்துக்காகத்தான், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் வந்து பேசுன ஏரியா இது, இங்க அந்த மாதிரி ஞாயித்துக்கிழமை சைக்கிள் கூட்டம் தெருவுக்குத் தெரு இருக்கணும், இன்னும் இல்லைங்கிறதுதான் என் கொறை.

பொண்ணுங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்தோட சேந்து ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, குவாரில கல்லு ஒடைச்சவங்க, வயல்ல வேலை செஞ்சவங்க, புடவை கட்டிக்கிட்டே ஓட்டுனாங்க. நம்ம ஏரியாவுல பொம்பளைப் புள்ளைங்க பிளஸ் டூ வரைக்கும் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போகுது, அப்பறம் அந்த சைக்கிளை தம்பி எடுத்துக்கறான். அப்படி விடாதீங்கம்மா. ரெண்டு மூணு பேரா சேந்து கெளம்புங்க, மொத தடவை புழல் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தாலே நல்ல ஆரம்பம்தான்.

கையில ஒரு பஞ்சர் டப்பா வச்சுக்கோங்க, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, டயர் கழட்ற லீவர் ரெண்டு, கூடவே ஒரு சின்ன பம்பு. டியூபை கழட்டி காத்தடிச்சு தண்ணில முக்கினா முட்டை முட்டையா வரும், அந்த எடத்தை தொடச்சு காயவச்சு, உப்புத்தாள்ல நல்லா தேச்சு, சொல்யூஷன் தடவுனதும் ஒட்டாதீங்க, அது பாதி காஞ்சு மினுமினுப்பு போகணும், அப்பறம் ஒட்டை வச்சு அழுத்தணும். அவசரப்பட்டா அடுத்த ஊர் போறதுக்குள்ள பிச்சுக்கும். டியூபை உள்ள போடறதுக்கு முன்ன டயர் உள்பக்கம் வெரலால தடவிப் பாருங்க, குத்துன முள்ளு அங்கயே இருக்கும், நம்ம பக்கம் கருவேல முள்ளுதான் எல்லா எடத்துலயும். இதை வீட்டுல ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கத்துக்கிட்டு, மறுநாள் காலைல கெளம்புங்க. இவ்ளோ நேரம் கேட்டதுக்கு ரொம்ப நன்றி, வணக்கம்.